மாமியின் சுஜூது

பச்சை மூடி போட்ட அந்த மாத்திரை டப்பாவைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. கீழக்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்றிருக்கிறார்கள். முட்டி வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்தே தொழுதுகொண்டிருந்த என் மாமி, அதாவது கணவரின் உம்மா, ஆசையாக வாங்கி வந்திருந்தார். "வயசாகுறதுன்னா உடம்புக்குள்ள துரு புடிக்கிறதாம்மா. இங்கன நம்ம சன்னல் கம்பியப் பாரு, அது மாதிரித்தான். இந்த மாத்திரை அந்தத் துருவ எடுத்துருமாம்" என்றார். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊரில் துரு என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

துருவைப் பற்றி விற்றவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. நான் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனால் உடம்பில் உணவு எரியும்போது மிஞ்சுகிற கழிவு செல்களைப் புண்ணாக்கும். அதை ஆற்ற உடம்பு அழற்சியைக் கிளப்பும். அந்த அழற்சியே மேலும் கழிவைக் கூட்டும். மூட்டும் இரத்தக்குழாயும் இப்படித்தான் மெல்லக் கெடுகின்றன. வருஷக்கணக்கில் சேர்ந்த கேட்டை எந்த மாத்திரை ஒரு வாரத்தில் துடைத்துவிடும்? மாமிக்கோ ஒரே வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்தார். எழுந்தபோது முகமெல்லாம் கண்ணீர். "அல்ஹம்துலில்லாஹ்! நெத்தி தரையில பட்டு எத்தன வருஷமாச்சு!"

என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. கொஞ்ச நாளில் அவர் முகம் உப்பியது, சர்க்கரை எகிறியது. டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். "நான் நல்லா நடக்குறது ஒனக்குக் கண்ண உறுத்துதோ?" என்று சீறிவிட்டு, துபாயிலிருக்கும் மகனிடமும் போனில் புலம்பினார். எப்படியோ போங்கள் என்று விட்டுவிடலாம் போலக் கோபம் வந்தது. ஆனால் காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் சீழ் வைத்தபோது, அவரே பயந்துபோய் என்னோடு ராமநாதபுரத்துக்கு வந்தார்.

"இந்த மாத்திரையில ஸ்டீராய்டு கலந்திருக்கு போல. முகம் உப்பினதும் சர்க்கரை ஏறினதும் அதனாலதான். துருவை எடுக்கல, வீக்கத்த அமுக்கி வச்சிருக்கு. ஒரேயடியா நிறுத்தினாலும் ஆபத்து" என்ற டாக்டர், தன் கண்காணிப்பில் மெதுவாகக் குறைத்தார். கால் தப்பியது. முட்டி மறுபடி வீங்கியது. மாமி தொழுகைக்கு நாற்காலிக்கே திரும்பினார்.

நான் நினைத்தது சரியாகிவிட்டதே என்று எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மாமி என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னது சரிதாம்மா, மருந்து பொய்தான். அதத் தின்னுட்டு நான் செஞ்ச சுஜூதும் பொய்யாப் போச்சா?"

எதையும் சந்தேகப்பட்டே பழகியவள் நான். "இல்ல மாமி" என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.