முப்பத்தாறு படி, மூணு சிக்னல்

நாப்பது வருசமா ஆட்டோ ஓட்டறேன், ஒடம்புல ஒரு கீறல் வுழுந்தது இல்ல. அப்டியாப்பட்டவன் இடுப்ப எப்டி ஒடச்சிக்கினேன்னு கேட்டீங்கன்னா, ஆட்டோல இருந்து கீழ வுழுந்து. ஓடிக்கினு இருந்த ஆட்டோ இல்ல. நின்னுக்கினு இருந்த ஆட்டோ. சாவி கூட என் பாக்கெட்ல தான் இருந்துச்சு.

மயிலாப்பூர் தெப்பக்குளத்தாண்ட ஸ்டாண்டு. டிரைவர் சீட்ல சம்மணம் போட்டு குந்திக்கினு கீறேன், கைல டீ கிளாசு. புதுசா வண்டி எடுத்த பசங்க நாலு பேரு சுத்தி நிக்கறானுங்க. "பேலன்சுன்னா இன்னான்னு எங்கிட்ட கத்துக்கங்கடா"ன்னு சொல்லி, பஸ்சுக்கு நடுவுல எப்டி கட் அடிக்கணும்னு ஒடம்ப வளச்சி காமிச்சேன். காமிச்ச வரிக்கும் ஞாபகம் கீது. அப்பால ரோடு என் மூஞ்சில ஒட்டிக்கினு இருந்துச்சு. ஆனா டீ ஒரு சொட்டு சிந்தல. கிளாச மேல தூக்கிப் புடிச்சிக்கினே வுழுந்துகீறேன். ஒருத்தன் அத வாங்கி குடிச்சிட்டு தான் ஆம்புலன்சுக்கு போன் பண்ணான்.

வலது தொடை எலும்பு, இடுப்புல சேர்ற எடத்துல ஒடஞ்சிருச்சுன்னு உள்ள கம்பி வெச்சாங்க. வெச்சிட்டு வூட்டுக்கு அனுப்பல. வயசு அறுவத்தி நாலு, நடக்க பழகிட்டு தான் போவணும்னு சொல்லிட்டாங்க. என் ரெகுலர் சவாரி அம்மா ஒருத்தங்க பேசி, அடையார்ல ஒரு எடத்துல காசு இல்லாத ட்ரஸ்ட்டு பெட்டு வாங்கிக் குடுத்தாங்க. வயசானவங்கள வெச்சி பாத்துக்கற நர்சிங் ஓம். அதுலயே கீழ ஒரு ஹாலு, அங்க நடக்க வெப்பாங்க.

நான் பள்ளிக்கூடம் போனது ஒன்ற வருசம். அந்தக் கடன தீக்கறதுக்கு இங்க சேத்துவுட்ட மாதிரி இருந்துச்சு. காத்தால ஒம்பது மணிக்கு கிளாசு. மொத பாடம், சேர்ல இருந்து ஏந்திரிக்கறது. ரெண்டாவது பாடம், சேர்ல குந்தறது. மொத பாடத்துல நான் ஃபெயிலு. ரெண்டாவதுல நூத்துக்கு நூறு.

டீச்சரு யாருன்னா பிசியோ பொண்ணு. என் பொண்ணவுட சின்னது, கொரலு மட்டும் எஸ்.ஐ. கொரலு. "அங்கிள், மேல ஏறும்போது நல்ல கால் முன்னாடி. இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னாடி. ஸ்டிக் எப்பவும் ஆபரேஷன் காலோட போகணும்"னு சொல்லிச்சு. எனுக்கு மண்டைல நிக்கல. ஏறும்போது எறங்கற கால வெச்சேன், எறங்கும்போது ரெண்டையும் வெச்சேன். அப்பால நானே ஒரு கணக்கு போட்டுக்கினேன். கம்பி வெச்ச காலு புது மாப்ள. ஒரு வேலையும் செய்யாது, முறுக்கிக்கினு நிக்கும். நல்ல காலு மாமனாரு. மேல ஏறும்போது மாமனாரு முன்னாடி போய் "வாங்க மாப்ள"ன்னு கூப்புடணும். எறங்கும்போது மாப்ளய முன்னாடி வுட்டு, மாமனாரு பின்னாடி தாங்கிப் புடிக்கணும். குச்சி, மாப்ளயோட வந்த தோழன். அவரு போற எடத்துக்கெல்லாம் அதுவும் போய் நிக்கும். அத கேட்டுட்டு பிசியோ பொண்ணு சிரிச்ச சிரிப்புல பக்கத்துல சைக்கிள் மிதிச்சிக்கினு இருந்த பாட்டிமாருங்க கூட நிறுத்திட்டு பாத்தாங்க.

என் ரூம்ல பக்கத்து பெட்டு ஒரு மயிலாப்பூர் மாமா. எழுவத்தஞ்சு வயசு, ரெண்டு முட்டியும் மாத்தி வெச்சிகீறாங்க. முட்டி ஜோரா கீது, மாமா தான் பெட்ட வுட்டு எறங்க மாட்டேன்றாரு. கேட்டா, "புதுசா இருக்கு, அப்படியே இருக்கட்டுமே"ன்றாரு. ஏதோ ஆபீசுல எல்லாரும் டயத்துக்கு வர்றாங்களான்னு பாக்கற வேலையாம் அவருக்கு. அந்தப் பழக்கம் போவல. பெட்ல படுத்துக்கினே என்னய மேய்ப்பாரு.

"ஏண்டாப்பா, ஒம்பது மணி கிளாஸுக்கு ஒம்பது ஆறுக்கு கிளம்பறே?"

"மாமா, நான் கிளம்பறதாவது கிளம்பறேன். நீ?"

"நான் லீவுல இருக்கேன்."

மொத வாரமே பிசியோ பொண்ணு கேட்டுச்சு: "உங்க வீட்டுக்கு எத்தனை படி அங்கிள்?" என் வாயப் பத்தி ஒங்களுக்கு தெரியாது. சவாரி கேட்டா "தோ, பக்கத்துல தான்"னு சொல்லி வளந்த வாயி. பொய்யின்னு கூட சொல்ல முடியாது, அதுவா வரும். "பத்து பன்னெண்டு இருக்கும் பாப்பா"ன்னு சொல்லிட்டேன். அதுவும் நம்பி, ஹால்ல இருக்கற நாலு மரப்படில என்ன மூணு தபா ஏத்தி எறக்கிச்சு. ரெண்டு பக்கமும் கம்பி. மூணாவது வாரம், நான் நாலு படிய பாட்டு பாடிக்கினு ஏறுவேன். சனிக்கெழம வூட்டுக்கு போலாம்னு சொல்லிட்டாங்க.

அத சொல்றதுக்கு செவ்வாக்கெழம என் பொஞ்சாதிய கூப்ட்டு வுட்டாங்க. அவ கோட்டூர்புரத்துல எங்க பிளாக்கு கீழ சாயங்காலம் பஜ்ஜி கட போடுறா. மாவு கையோட ரூமுக்கே வந்தா. பிசியோ பொண்ணு பெருமையா, "அங்கிள் பன்னெண்டு படி ஏறிட்டார்மா"ன்னுச்சு.

என் பொஞ்சாதி என்னய பாத்தா. நான் ஃபேன பாத்தேன்.

"பன்னெண்டு ஏறிட்டாரா? மீதி இருவத்தி நாலு படிக்கு இன்னா பண்ணுவாரு, பறப்பாரா?"

எங்க வூடு ரெண்டாவது மாடி. ஹவுசிங் போர்டு, லிஃப்டு கெடயாது. மாடிக்கு பதினெட்டு, மொத்தம் முப்பத்தாறு. பிசியோ பொண்ணு மூஞ்சி செவந்து போச்சு. "ஏன் அங்கிள் பொய் சொன்னீங்க?"

"பொய் இல்ல பாப்பா. கொஞ்சம் கம்மியா சொன்னேன்."

"மீட்டருக்கு மேல கேக்கறப்போ மட்டும் ஜாஸ்தி சொல்லுவான்"னு பெட்ல இருந்து மாமா.

அப்ப தான் பேச்சு சீரியசா போச்சு. முப்பத்தாறு ஏற முடியலன்னா மாடி வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்னுச்சு அந்தப் பொண்ணு. வழில வுழுந்தா வெச்ச கம்பியே வளஞ்சிரும்னுச்சு. எம் புள்ளைக்கு ஊருக்கு வெளிய, பெரும்பாக்கம் தாண்டி தரையோட ஒரு வூடு கீது, அவன் ஏற்கனவே ரூம கிளீன் பண்ணி கட்டில் போட்டுட்டான். நல்ல புள்ள. ஆனா நாங்க ரெண்டு பேரும் அங்க போனா, பஜ்ஜி கட அவ்ளோ தான். முப்பது வருசமா அந்த அடுப்பாண்ட நின்னவ. பக்கத்துல கீற பெரிய லைப்ரரிக்கு படிக்க வர்ற புள்ளைங்க, "அக்கா, வாழக்கா ரெண்டு"ன்னு கேட்டுக்கினு அவள சுத்தி நிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவ, ஐ.ஏ.எஸ். பரீட்சை எப்போன்னு கரெக்டா சொல்லுவா.

போவும்போது எங்கிட்ட ஒண்ணு தான் கேட்டா. "அங்க யாருக்குயா நான் பஜ்ஜி போடறது? எருமைக்கா?" சிரிச்சிக்கினே தான் கேட்டா.

மறுநாளு ஹால் படிய வுட்டுட்டு நெசமான மாடிப்படிக்கு கூட்டிக்கினு போச்சு அந்தப் பொண்ணு. நான் இன்னா பண்ணேன்? ஒரே மூச்சுல போனேன். "வாங்க மாப்ள, வாங்க மாப்ள"ன்னு தடதடன்னு ஏறினேன். பதினாலாவது படில கண்ணு இருட்டிச்சு, மாப்ள வெடவெடன்னு ஆடறாரு. அங்கியே குந்திட்டேன். ரெண்டு பேரு சேர் போட்டு என்னய தூக்கிக்கினு எறங்கினாங்க, சாமி ஊர்கோலம் மாதிரி.

"ஏன் அங்கிள் நிக்காம போனீங்க?"

"நின்னா ஃபெயிலு இல்லியா?"

அது தலைல கைய வெச்சிக்கிச்சு. "யார் சொன்னா? திருப்பத்துக்குத் திருப்பம் நிக்கணும். மூச்சு வாங்காம ஒரு வரி பேச வருதான்னு பாக்கணும். வந்தா தான் அடுத்த படி."

இத மொதல்லயே சொல்லியும் இருக்கும். என் காதுல ஏறியிருக்காது. நிக்கறதுன்னாலே எனுக்கு ஆவாது. நாப்பது வருசமா செவப்பு லைட்ட பாத்தா பக்கத்துல சந்து கீதான்னு தேடற கண்ணு இது.

ரூமுக்கு வந்து மாமாகிட்ட சொன்னேன். அவரு எல்லாத்தயும் கேட்டுக்கினாரு. அப்பால, "இவனுக்கு சிக்னல் வேணும்"னாரு. "சிக்னல் மட்டும் போறாது, கான்ஸ்டபிள் வேணும். நான் வரேன்."

ரெண்டு வாரமா கெஞ்சியும் பெட்ட வுட்டு எறங்காத மனுசன், மொத தபா வீல்சேர்ல குந்தினாரு. மடில ரெண்டு சாமானு. முட்டிக்கு ஒத்தடம் குடுக்கற செவப்பு ரப்பர் பையி, அது ரெட்டு. பச்ச சோப்பு டப்பா, அது கிரீனு. "நீ நின்ன எடத்துல ஒரு வரி சொல்லணுமே, அதையும் நானே தரேன்"னாரு. "மீட்டர் போட்டு வரேன் சார்."

"மாமா, இத நான் மூச்சு வாங்காதப்பவே சொன்னதில்ல."

"அதான் பரீட்சை."

பிசியோ பொண்ணும் ஒத்துக்கிச்சு. வெள்ளிக்கெழம சாயங்காலம் டெஸ்டு. என் பொஞ்சாதி கடய மூடிட்டு வந்து ரெண்டாவது மாடில நின்னுக்கினா. கீழ நடக்க வந்த பெருசுங்க எல்லாம் வாக்கரோட ரெண்டு பக்கமும் நிக்குது, மொதலமைச்சர் வர்ற மாதிரி. மாமா சோப்பு டப்பாவ தூக்கினாரு. நான் ஏற ஆரம்பிச்சேன். பிசியோ பொண்ணு பின்னாடி. மாமாவ லிஃப்டுல மொத மாடிக்கு தள்ளிக்கினு போனாங்க.

ஒம்பது படி. திருப்பத்துல நிமிந்து பாக்கறேன், மேல ரப்பர் பையி.

"சொல்லு!"

"மீட்... டர்... போ..."

"கேக்கலை. நில்லு."

நின்னேன். மறுபடி சொன்னேன், சுத்தமா வந்துச்சு. சோப்பு டப்பா. பதினெட்டாவது படில மாமா மூஞ்சிக்கு நேரா ஒரு ரெட்டு. அங்கயும் நின்னேன். மாமா லிஃப்டுல ரெண்டாவது மாடிக்கு பறந்துட்டாரு. இருவத்தேழுக்கு வந்தேன், மேல ரப்பர் பையி தெரியுது. பக்கத்துலயே என் பொஞ்சாதி. இன்னும் ஒம்பதே படி. எனுக்கு கை துறுதுறுன்னுச்சு. கால் துறுதுறுன்னுச்சு. போலீசும் ஒரே ஒரு ஆளு, அதுவும் வீல்சேர்ல.

அடிச்சேன் ஜம்ப்பு. ரெண்டு படி. மாப்ள மறுபடி ஆட ஆரம்பிச்சாரு.

"டேய்! சிக்னல் போட்டிருக்கு! திரும்பிப் போடா!"ன்னு மாமா போட்ட சத்தத்துல பில்டிங்கே ஆடிச்சு. பிசியோ பொண்ணும், "இறங்குங்க அங்கிள்"னுச்சு. மாப்ளய முன்னாடி வுட்டு, மாமனார பின்னாடி வெச்சி, ரெண்டு படி ரிவர்சு. ஏறினதவுட அது தான் கஷ்டம். நின்னு மூச்சு வுட்டுட்டு, "மீட்டர் போட்டு வரேன் சார்"னு சொல்லிட்டு மேல பாத்தா, மாமா நிக்கறாரு. வீல்சேரு பின்னாடி காலியா கீது. கோவத்துல ஏந்திரிச்சது அவருக்கே தெரியல. கைல ரப்பர் பையி. அப்பால தான் கீழ குனிஞ்சி சொந்த முட்டிய பாத்தாரு.

"அய்யய்யோ, நான் நிக்கறேன்! யாராவது புடிங்கோ!"

என் பொஞ்சாதி மாவு கையோட போய் புடிச்சா. "ஒண்ணும் ஆவல சாமி, ஷோக்கா தான் நிக்கற. மொதல்ல அந்தாளுக்கு பச்ச லைட்ட காமி, பாவம் நின்னுக்கினே கீது"ன்னா. மாமா நடுங்கிக்கினே சோப்பு டப்பாவ தூக்கினாரு. ஒம்பது படியும் ஒண்ணொண்ணா ஏறினேன். பாஸு.

சனிக்கெழம மதியானம் ஸ்டாண்டு பசங்க ஆட்டோல கொண்டாந்து எங்க பிளாக்கு வாசல்ல எறக்கிட்டானுங்க. என் பொஞ்சாதி முன்னாடியே போய் சோறு வெச்சிட்டா. நான், குச்சி, மாப்ள, மாமனாரு, எம் புள்ள பின்னாடி. கட்டில மடிச்சி வெச்சிட்டு வந்துகீறான், பாவம். மொத திருப்பம் நின்னேன். மொத மாடில நின்னேன். மூணாவது சிக்னலு, எங்க வூட்டு கதவு தெரியற எடம். மீன் வறுவல் வாசன வேற மேலருந்து வந்து இழுக்குது.

"யோவ், வாயா! ஆறிடப் போவுது!"

நான் அசையல. பின்னாடி தொம்முனு ஒரு சத்தம். கேஸ் போடறவரு, தோள்ல சிலிண்டரு.

"பெர்சு, வழி வுடு. வெயிட்டா கீதுல்ல."

"ரெட்டு போட்ருக்கு. நில்லு."

"எங்க போட்ருக்கு?" அவரு செவுத்த பாக்கறாரு. எம் புள்ள சிரிப்ப அடக்கிக்கினு வேற பக்கம் திரும்பிக்கினான்.

"ஒனுக்கு கால்ல அடியா, மண்டைலயா?"ன்னாரு. நாப்பது வருசமா எனுக்கு முன்னாடி நின்ன ஒவ்வொரு ஸ்கூட்டர்காரனையும் நான் கேட்ட கேள்வி. திருப்பி ஆரன் அடிக்கணும் போல இருந்துச்சு. மூச்சு சீராவுற வரிக்கும் நின்னேன்.

"மீட்டர் போட்டு வரேன் சார்."

மேல கதவாண்ட என் பொஞ்சாதி வுழுந்து வுழுந்து சிரிக்கறா. "பொய்யி! பொய்யி! நம்பாதீங்க!"ன்னு கத்தறா. கேஸ்காரரு சிலிண்டர படில எறக்கி வெச்சிட்டாரு.

"வாங்க மாப்ள"ன்னேன்.

கேஸ்காரரு, "நான் எதுக்குயா வரணும், நீ போயா"ன்னாரு.