இடது கால் மட்டும்

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். இதை அம்மா நம்பியதே இல்லை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வார்டு சிஸ்டர் அவள். அவள் அக்கா நர்ஸ், தங்கை நர்ஸ், தங்கையின் நாத்தனார்கூட நர்ஸ். "எல்லாருக்கும் மொதல்ல அப்டித்தான் சுத்தும். அப்புறம் சரியாப் போய்டும்" என்பாள், ஏதோ பஸ்ஸில் குமட்டுவதைப் பற்றிப் பேசுவதுபோல. நான் அழுது, சண்டை போட்டு, சோறு தின்னாமல் கிடந்து கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தேன். முடித்ததும் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். ரெண்டாயிரம் பிறந்த சமயம் அது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளெல்லாம் ஒன்றையொன்று பார்த்து வெப்சைட் வேண்டும் என்று கிளம்பியிருந்தன. எங்கள் கம்பெனிக்கும் ஒன்று வேண்டும், அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நான்.

அம்மா கெடு வைத்தாள். நாட்றம்பள்ளி பக்கம் ஒரு நர்சிங் ஸ்கூலில் அவளுடைய சிநேகிதி பிரின்சிபாலாக இருந்தாள். எனக்கென்று ஓர் இடத்தைச் சொல்லி வைத்தாயிற்று. "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள உன் கம்பெனில பர்மனென்ட் பண்ணட்டும். இல்லேன்னா பெட்டியக் கட்டிக்கினு கெளம்பு, அவ்ளோதான்" என்றாள். கம்பெனியில் சின்ன முதலாளி சொன்னது வேறு மாதிரி: "வெப்சைட் நல்லபடியா ஓபன் ஆகட்டும்மா. அப்பறம் உன் விஷயம் பாக்கறேன்." ஆக, நான் ஊசி பிடிப்பதா மவுஸ் பிடிப்பதா என்பது அந்த வெப்சைட்டின் கையில் இருந்தது. அது திறந்து நல்ல பேர் எடுத்தால் நான் பிழைத்தேன், இல்லையென்றால் ரத்தம்.

அந்த மூன்று நான்கு மாதம் நான் மனுஷியாகவே இல்லை. வேலூரிலிருந்து பஸ் ஏறினால் பள்ளிகொண்டா தாண்டும்போதே நகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிடுவேன். மாதனூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்கள் டிபன் பாக்ஸும் சிரிப்புமாக இருப்பார்கள். அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அவர்களுக்குச் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரிந்தது. என் வேலையை யாரிடமும் எடுத்துக் காட்ட முடியவில்லை. "இன்னாடி பண்ற நாளெல்லாம்?" என்று அம்மா கேட்டால், பக்கம் பண்ணுகிறேன் என்பேன். "இன்னா பக்கம்? புஸ்தகமா?" என்பாள். "வந்து பாரும்மா, பிரவுசிங் சென்டர்ல காட்டறேன்" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். "எனக்கு டூட்டி இருக்கு" என்று போய்விடுவாள். அவளுடையது டூட்டி, என்னுடையது பொழுதுபோக்கு. பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

ஆபீசில் டெலிபோன் லைன் ஒன்றுதான். அதில்தான் ஃபேக்ஸ், அதில்தான் இன்டர்நெட். மோடம் கத்தி முடித்து, ஒரு படம் பாதி ஏறியிருக்கும், அந்த நேரம் பார்த்து ஆபீஸ் மேனேஜர் வந்து நிற்பார். "லைன விடும்மா! பயர் ஃபேக்ஸ் வருது!" பயர் என்றால் எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக்காரர். விட வேண்டும். திரும்பப் பிடித்தால் கரண்ட் போகும். கரண்ட் வந்தால் லைன் கிடைக்காது. கீ போர்டைத் தூக்கிக் கீழே போட்டு உடைக்கலாமா என்று கை துறுதுறுக்கும். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண்.

படங்கள் எடுத்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது டிசைன் ஒன்று முடிவானால் மாதிரிக்கு ஒரு ஜோடி செய்வார்கள். அதில் வலது கால் பயருக்குக் கப்பலோ விமானமோ ஏறும். இடது கால் எங்களிடமே நிற்கும். பின்னால் ஆயிரக்கணக்கில் செய்யும்போது அந்த இடது காலைப் பார்த்துத்தான் செய்வது. தையல் மாறினால், கலர் ஒரு பொட்டு கூடக் குறைய இருந்தால், இரண்டு பக்கமும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதனால் எங்கள் சாம்பிள் ரூமில் தரையிலிருந்து கூரை வரைக்கும் அலமாரி முழுக்க ஒற்றை ஒற்றையாக இடது கால்கள். பெண்கள் செருப்பு, ஆண்கள் ஷூ, குழந்தைகள் பூட்ஸ், எல்லாம் இடது. வந்த புதிதில் எனக்கு வினோதமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஷூ என்றாலே ஒன்றுதான் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

சின்ன முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தார். படத்தை ஃப்ளாப்பியில் பதிகிற கேமரா, செங்கல் கனம். சாம்பிள் மாஸ்டர் ஒவ்வொரு ஷூவாகத் துடைத்து, உள்ளே பேப்பர் திணித்து, வெள்ளைத் துணிமேல் வைப்பார். பயரின் பிராண்டு பேர் தெரியக்கூடாது என்று அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். நான் எடுப்பேன். "பாப்பா, இந்த டோ நல்லா வரணும். இந்த மாதிரி லாஸ்டிங் எவனும் பண்ண மாட்டான்" என்பார். டோ என்றால் ஷூவின் மூக்கு, லாஸ்டிங் என்றால் மேல்தோலை அச்சின்மேல் இழுத்துப் படிய வைப்பது. அந்தப் பெருமையில் மனுஷர் முகம் மலர்ந்து கிடக்கும்.

பக்கங்கள் ரெடியானதும் ஆபீஸ் மேனேஜர் தொடங்கி ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தையலைப் பார்த்தார். ஒரு படத்தில் நூல் பிசிறு தெரிகிறது, மாற்று என்றார். பெரிய முதலாளி தோலைப் பார்த்தார். ஸ்கிரீனை விரலால் தடவிக்கூடப் பார்த்தார். "இது எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். "அமெரிக்காவுல ஒரு கம்ப்யூட்டர்ல சார்" என்றேன். "நம்ம கடை நம்ம ஊர்ல இல்லாம அமெரிக்காவுலயா?" என்று மகனைப் பார்த்தார். சின்ன முதலாளி கலரைப் பார்த்தார். "பிரவுன் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, கம்மி பண்ணு" என்றார். அப்புறம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'எந்த சைஸிலும், எந்த எண்ணிக்கையிலும் கிடைக்கும்' என்று இங்கிலீஷில் போடச் சொன்னார். "சார், நாம ஆயிரம் ஜோடிக்குக் கம்மியா ஆர்டர் எடுக்கறதில்லியே?" என்றேன். "அட போடும்மா, ஒரு கெத்தா இருக்கட்டும்."

அத்தனை பேர் பார்த்தோம். எல்லோரும் ஷூவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

திறப்பு நாளுக்கு ஒரே ரகளை. சின்ன முதலாளி ஒரு கண்காட்சிக்கு வெளிநாடு கிளம்புகிறார், விசிட்டிங் கார்டில் வெப்சைட் முகவரியை முன்கூட்டியே அடித்தாயிற்று, அதனால் வெள்ளிக்கிழமையே திறந்தாக வேண்டும். பெரிய முதலாளி ஜும்மா தொழுகை முடிந்துதான் என்றார். அதற்கு முன்னால் வேண்டாம், ராகு காலம் என்று சாம்பிள் மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். அம்மாவிடம் ஜெபம் பண்ணச் சொல்லியிருந்தேன். "பண்றேன், பண்றேன்" என்றாள். எதற்காகப் பண்ணினாளோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். மானிட்டருக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். மாஸ்டர் யாருக்கும் தெரியாமல் மேஜைக்காலடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பெரியவர் துஆ ஓதி, கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டி, நான் காட்டிய இடத்தில் மவுஸை அழுத்தினார். முதல் படம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. ஃபேக்ஸ் வந்துவிடக் கூடாதே, வந்துவிடக் கூடாதே என்று டெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், மக்கன்பேடா இனிப்பு கொடுத்தார்கள். நான் அதைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். "பர்மனென்ட்டுன்னு சொன்னாங்களா?" என்றாள். சின்ன முதலாளி வெளிநாட்டிலிருந்து வந்ததும் சொல்வார் என்றேன். "வரட்டும்" என்று சொல்லிப் பாதியைப் பிட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் முழுக்கப் போன் மணி அடித்தாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். சனிக்கிழமை மத்தியானம் அடித்தது. மேனேஜர் எடுத்தார். வெளிநாட்டிலிருந்து சின்ன முதலாளி. "ஆமா சார்... இல்ல சார்... ஐயோ சார்..." என்றார். முகம் கறுத்துப்போய் என் மேஜைக்கு வந்தார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கிற? சைட்ட ஒரு பயருக்குக் காமிச்சாராம். அவன் இப்டி அப்டி பாத்துட்டு, இன்னொரு கால் எங்கன்னு கேட்டானாம். ஸ்டால்ல இருந்தவன்லாம் சிரிச்சானுங்களாம். ஒத்தக் கால் ஆளுங்களுக்கு ஷூ பண்றீங்களான்னு கேட்டானாம்!"

நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். இடது, இடது, இடது. பக்கம் பக்கமாக இடது. ஐயையோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தனை நாள் கண்ணெதிரே இருந்தது, அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"சார், நீங்களும்தான பாத்தீங்க?"

"எதுத்துப் பேசாத. இன்னிக்கே சைட்ட மூடு. உன் கதைய அவர் வந்து பேசிக்குவாரு."

மூடத்தான் உட்கார்ந்தேன். கண் எரிந்தது. ஸ்கூல் திறக்க எத்தனை நாள் என்று மனது தானாகக் கணக்குப் போட்டது. மூடுவதற்கு முன்னால் கம்பெனி மெயிலைத் திறந்து பார்த்தேன். தேடும் தளங்களிலெல்லாம் கம்பெனி பேரைப் பதிந்து வைத்திருந்தேன், அதனால் யாராவது வந்திருப்பார்களா என்ற நப்பாசை. ஒரே ஒரு மெயில் இருந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர், ரிட்டயரான பஸ் டிரைவர். வலது கால் தொடையோடு போய்விட்டதாம். செயற்கைக் கால் ஒத்துக்கொள்ளவில்லை, கட்டை ஊன்றித்தான் நடக்கிறாராம். ஒவ்வொரு தடவையும் ஜோடி வாங்கி, வலதைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறாராம். இடது மட்டும் விற்கிற கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறேன், எங்களைப் போன்றவர்களை நினைத்துப் பார்த்ததற்கு நன்றி, எந்த எண்ணிக்கையிலும் என்று போட்டிருக்கிறீர்களே, எனக்கு ஒன்று கிடைக்குமா என்று எழுதியிருந்தார்.

மேனேஜரிடம் காட்டினேன். சிரித்தார். "வந்ததே ஒரு ஆர்டர், அதுவும் அரை ஜோடி. தூக்கிக் குப்பைல போடு."

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையாக வந்ததா கோபமாக வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் அம்மா டூட்டி முடிந்து, வெள்ளைப் புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கொட்டித் தீர்த்தேன். "எல்லாம் முடிஞ்சிபோச்சும்மா. மூடிட்டாங்க. உன் ஃபிரண்டுகிட்ட நான் வர்றேன்னு சொல்லிடு. சந்தோஷமா?"

அவள் சிரிப்பாள், நான் அப்பவே சொன்னேன் என்பாள் என்று காத்திருந்தேன். இன்னா நடந்தது என்றாள். சொன்னேன். இடது கால் கதை, சிரித்த பயர், மெயில் எல்லாம்.

"எந்த லெவல்ல எடுத்துருக்காங்க? தொடைன்னா எழுதுனாரு?"

"ஆமா."

"சர்க்கரையா, ஆக்சிடென்டா?"

"அதெல்லாம் எழுதல."

"பாவம், ஒத்தக் கால்லயே முழு பாரமும் எறங்கும். நல்ல ஷூ போடலேன்னா அந்தக் காலும் போய்டும்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா பதில் போட்ட?"

"போடல. குப்பைல போடச் சொன்னார் மேனேஜர்."

அம்மாவுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "ஒரு மனுஷன் கேட்டுட்டு உக்காந்துருக்கான், பதில் சொல்லாம பஸ் ஏறி வந்துட்டியா? என் வார்டுல எவளாச்சும் இப்டிப் பண்ணா கன்னத்துலயே குடுப்பேன். எந்திரி. அந்த பிரவுசிங் சென்டர் எங்க இருக்குது?"

அந்த வெள்ளைப் புடவையோடு என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்லவேளை, சைட்டை மூடுகிற கடைசி பட்டனை நான் அழுத்தியிருக்கவில்லை. பக்கங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றும் இறங்குவதைப் பொறுமையாகப் பார்த்தாள். "இதெல்லாம் நீ பண்ணதா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு வார்டில் ரிப்போர்ட் சொல்கிற இங்கிலீஷில் கடகடவென்று ஆரம்பித்தாள். சைஸ் கேள், பாதத்தில் வீக்கம் இருக்கிறதா கேள், புண் ஏதாவது உண்டா, குதிகால் எத்தனை உயரம் ஒத்துக்கொள்ளும், எல்லாம் கேள். "அனுப்பறோம்னு போடு."

"அம்மா, நான் யாரும்மா அனுப்பறதுக்கு?"

"அலமாரில சும்மா கெடக்குதுன்னு நீதான சொன்ன? போய்க் கேளு. குடுக்கலேன்னா நான் வந்து கேக்கறேன்."

பார்த்துச் சொல்கிறோம் என்று போட்டேன். பழைய சீசன் ஷூ ஒன்று பிறகு கூரியரில் போகப்போவதும், அதற்குச் சின்ன முதலாளியே கையெழுத்துப் போடப்போவதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அனுப்புகிற பட்டனை அழுத்தினேன். "எப்பப் போய்ச் சேரும்?" என்றாள். போய்ச் சேர்ந்தாயிற்று என்றேன். நம்பாமல் ஸ்கிரீனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடையிலேயே ஒரு மூலையில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. அம்மா எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நாட்றம்பள்ளி சிநேகிதிதான் மறுமுனையில் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. பெட்டியில் என்னென்ன எடுத்து வைக்கணும் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துடுடி" என்றாள் அம்மா. "எம் பொண்ணு வரல. அவளுக்கு டூட்டி இருக்கு."