நர்ஸக்கா கைபேசிக்கு வந்த பிரசவங்கள்

மேல்மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணினிப் பதிவாளராகச் சேர்ந்த புதிதில், நான் முதலில் கவனித்தது நர்ஸக்காவின் கைபேசி ஓயாமல் சிணுங்கியதைத்தான். ‘உங்கள் பிரசவ தேதி நெருங்குகிறது’, ‘இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டீர்களா’ என்று அரசாங்கம் அவரை விசாரித்துக்கொண்டே இருக்கும். அக்காவுக்கோ ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது வீட்டுக்கு ஒரு கைபேசி, அதுவும் கணவனின் சட்டைப் பையில். கர்ப்பத்தைப் பதிய வரும் பெண்களிடம் எண் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். “என் நம்பரையே போடும்மா” என்பார் அக்கா. விதிப்படி அது தப்பு. கேலி செய்தேனே தவிர, ஒருநாளும் நான் மறுக்கவில்லை.

அப்படி அவர் எண்ணில் பதிவானவள்தான் பூண்டு விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் சிசேரியன். சின்னவள் தவழும் முன்பே மூன்றாவது தங்கிவிட்டது. கணவனும் மாமியாரும் ஆண் பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். அவளுக்கோ இன்னொன்றைச் சுமக்க உடம்பில் தெம்பில்லை; கலைக்க நினைத்தாள். கலைத்தது தெரிந்தால் குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிடுவார்கள் என்று நடுங்கினாள். கணவன் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போன நாளில், அக்கா அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் துணைக்குப் போனேன். “வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம முடியாது” என்று வாசலிலேயே மறித்தார்கள்.

“பதினெட்டு முடிஞ்ச பொம்பளைக்கு அவ கையெழுத்தே போதும்ங்க. சட்டம் அம்புட்டுதான் கேக்குது. டாக்டரம்மாவ வெரசா வரச்சொல்லுங்க” என்று அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா வந்து அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். கலைப்புக்கும் கருத்தடைக்கும் அவளே கையெழுத்துப் போட்டாள்.

கலைப்பு என்று நான் முறைப்படி பதிந்துவிட்டேன். ஆனாலும் பிறப்புக் கணக்கு குறைகிறதென்று மாவட்ட அலுவலகத்தில் ஒருவருக்குச் சந்தேகம். பதிவில் இருந்த எண்ணுக்கு அவர் அடித்தபோது, மணி எங்கள் மேசையிலேயே ஒலித்தது. “வீட்டுக்காரரா பேசுறது?”

“நர்ஸு பேசுறேங்க. கலைப்புனு எழுதியாச்சு. வீட்டுல போயி வெசாரிக்கிற சோலி நமக்கில்லீங்க.” எண்ணை மாற்றிக் கொடுத்ததற்காக அக்காவிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தார்.

இன்று பதிய வரும் பெண்கள் பலர் சொந்த எண்ணைச் சொல்கிறார்கள். ஓய்வு பெற்றுப் பழனியில் இருக்கும் அக்காவைப் போன மாதம் குடும்பநலக் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். சிறுகுடும்பத்துக்கு முன்மாதிரித் தந்தை என்று ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பார்த்தால், அந்தப் பூண்டு விவசாயக் குடும்பத்துப் பெண்ணின் கணவர். “ரெண்டும் பொண்ணுதாங்க. போதும்னு நாந்தான் முடிவெடுத்தேன்” என்று நெஞ்சை நிமிர்த்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் அவள் எங்களிடம் வந்தாள். சிவந்திருந்த அக்காவின் உள்ளங்கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அவளுக்கு. கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். பொன்னாடையோடு பின்னால் வந்து நின்ற கணவர், “என்னன்னு சொன்னா நானும் சிரிப்பேன்ல?” என்றார்.