அக்காவின் அரை மைதானம்

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு விடியற்காலையில் தூக்கம் பிடிப்பதில்லை. அக்கா எழுந்தால் நானும் எழுந்து அவளோடு மைதானத்துக்குப் போய்விடுவேன். அவள் ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை.

"இந்தத் தடவை கால் இறுதியைத் தாண்டணும்டீ. இல்லன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க" என்பாள், முழங்காலில் பட்டையை இறுக்கியபடி.

தாண்டிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். அணியில் பெரும்பாலும் முதலாண்டுப் பெண்கள். அதில் ஏணி என்று ஒருத்தி. அந்தப் பெயரை வைத்தது தோழிகள். எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவாள்.

"கொஞ்சம் குட்டையா பிறந்திருக்கலாம் மேடம். பஸ்ல தலை இடிக்குது."

"அப்படிப் பிறந்திருந்தா உன்னை எனக்கு யாருன்னே தெரிஞ்சிருக்காது. பேசாம பந்தை எடு."

மைதானத்தில் பாதிதான் இவர்களுக்கு. மறுபாதியில் கூரை போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். அங்கிருந்த வளையக் கம்பத்தைப் பிடுங்கி எப்போதோ ஓரமாகப் போட்டாயிற்று. அதனால் ஒரே வளையத்தில்தான் பயிற்சி. யார் எறிந்த பந்தானாலும் சரி, வளையத்தில் பட்டுத் திரும்பினால் ஏணி எகிறிப் பிடித்து மறுபடி உள்ளே போட வேண்டும். "யோசிக்காதே, போடு" என்பாள் அக்கா. நான் பார்க்கப் பார்க்க அந்தப் பெண்ணின் கைகள் யோசிப்பதை நிறுத்தின.

கால் இறுதி ஆட்டம் முடியும் நேரம். எங்கள் அணி ஒரு புள்ளி முன்னால். எதிரணிப் பெண் எங்கள் வளையத்தை நோக்கி எறிந்தாள். பந்து விளிம்பில் பட்டுத் திரும்பியது. ஏணி எகிறினாள், பிடித்தாள். பிடித்த வேகத்தில் அப்படியே எங்கள் வளையத்துக்குள்ளேயே போட்டாள். எதிரணிக்கு இரண்டு புள்ளி. தரையில் இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. விசில் ஊதும்போது அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கல்லூரி முதல்வர் அக்காவை அழைத்தார். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

"மானம் போச்சு. அந்த உயரமான பொண்ணை டீமை விட்டு எடுத்துடுங்க. அதோட இதை மறந்துடலாம். உங்க வேலையையும் அடுத்த வருஷத்துக்குப் பார்த்துக்கலாம்."



"அவ மேல தப்பில்ல மேடம். பந்து திரும்பினா எடுத்துப் போடுன்னு பழக்கினது நான். ரெண்டு வளையம் இருக்கிற இடமா பார்த்து வாரத்துல ஒருநாளாவது கூட்டிட்டுப் போயிருக்கணும். சோம்பலா இருந்துச்சு, போகல."

"அப்ப தப்பு பயிற்சியில."

"ஆமா."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கார் நிறுத்துற கதையை ஏன் சொல்லல?"

"அந்தக் கார்ல பாதி உள்ள இருக்கிறவங்களோடது. வா, கால் வலிக்குது."

அந்த மாதக் கடைசியில் வேலை போனது. நல்ல எதிர்காலம் உள்ள அணியாம். அதனால் பெரிய இடத்தில் ஆடிய ஒருவரைப் பயிற்சிக்குக் கொண்டுவருகிறார்களாம். முதல்வர் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாராம்.

அக்கா ஒரு வாரம் தூங்கித் தீர்த்தாள். நான் பெட்டியை எடுத்துத் துடைத்தேன், அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே வைத்தேன். அப்போது ஏணி போன் செய்தாள். அக்கா படுத்தபடியே ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், புது சாருக்கு எங்க பேரே வரல. எல்லாரையும் ஏய் ஏய்னு கூப்பிடுறார்."

"வரும். உன்னை எங்க நிறுத்தியிருக்கார்?"

"வளையத்துக்குக் கீழதான்."

"சரி, வை."

"மேடம், நீங்க எப்ப வருவீங்க?"

"தூக்கம் வருதும்மா. வை."

போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். "அவளை டீமை விட்டு எடுக்கல" என்றாள் என்னிடம். பிறகு வலிக்கிற காலை மெதுவாக நகர்த்தி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.