மீன்கடையில் மியூட் பட்டன்

அடையாறில் மீன் விற்கும் மேரியும், இப்போது பள்ளி ஆசிரியையான நானும் முன்பு தரமணியில் ஒரே கால் சென்டரில் வேலை பார்த்தோம். வாடிக்கையாளர் படுத்தினால் ஹெட்செட்டில் மியூட்டை அழுத்திவிட்டுத் திட்டித் தீர்ப்போம்.

இன்று காலை ஓர் அம்மா மேரியின் வஞ்சிரத்தை மூன்றாம் முறையாக முகர்ந்தார். "நேத்து மீனா?"

"உங்க சிரமம் புரியுதுங்க மேடம்" என்ற மேரி காதருகே அழுத்தினாள்.

"இன்னா கிராக்கி இது, காலங்காத்தால உயிர எடுக்குது!"

காதில் கம்மல் மட்டும்தான் இருந்தது.

அந்த அம்மா வஞ்சிரத்தைத் தட்டிலேயே போட்டார்.

மேரி மறுபடி கம்மலை அழுத்தினாள். "லைன்ல காத்திருந்ததுக்கு நன்றிங்க மேடம்."

பழைய டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "எனக்கும் ஆச்சு" என்றே பதில்கள் வருகின்றன.

நாளை எனக்குப் பெற்றோர் கூட்டம். கையைக் கட்டிக்கொண்டே பேசலாமென்று இருக்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.