நேராக்கி எழுதிய சுரங்கள்

பிள்ளைகளே, உங்கள் அப்பன் நெய்த சேலைக் கரையில் ஒரு பிசிறும் இருக்காது என்று தெருவில் யாராவது சொன்னால் நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறீர்கள். எனக்கோ தலை தானாகக் குனிகிறது. ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். இருநூறு வருஷத்துக்கு முந்தி ஜெர்மன் தேசத்துத் தேவாலயத்தில் வாத்தியம் வாசித்த ஒரு பெரிய சங்கீதக்காரரைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் வாழ்ந்த விதம், செய்த உருப்படிகள், எல்லாவற்றையும் துருவி ஆராய்ச்சி. அந்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் கண் போய்விட்டதாம். எழுதுகிற அம்மாளுக்கும் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது.

சீமைக்குக் கப்பலேறப் போகிற ஒரு பாதிரியார், தம்மிடமிருந்த அந்தச் சங்கீதக்காரருடைய சுரப் புத்தகத்தைக் கொஞ்ச நாளைக்கு அம்மாளிடம் கொடுத்திருந்தார். அச்சு பொடிப்பொடி. அம்மாளால் படிக்க முடியவில்லை. நம் வீட்டுக்குப் பட்டு வாங்க வந்த அம்மாள், கட்டம் போட்ட தாளில் கரைக்காக நான் வரைந்து வைத்திருந்த அன்னப்பட்சிகளைப் பார்த்துவிட்டார்.

"இதே கையால் அந்தப் புள்ளிகளை எனக்குப் பெரிதாக எழுதித் தருவீரா?" என்றார். அவர் பேசுவது வேத புத்தகத் தமிழ்.

ஒப்புக்கொண்டேன். எனக்குச் சுரம் தெரியாது. ஐந்து கோட்டில் புள்ளி ஏறும், இறங்கும், அவ்வளவுதான். உங்கள் அம்மா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே சிரிப்பாள். "மார்கழி கூடப் பொறக்கல, அதுக்குள்ள கோலம் போட்டுக்கினு குந்திக்கினீங்களே!"

"கம்முனு இரும்மா, கை தப்பிடும்" என்பேன்.

எழுத எழுத ஒன்று புரிந்தது. ஒரே வரிசைப் புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்தன. மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம், தலைகீழாக ஒரு தரம். நம் கரையேதான்! ஆனால் நடுநடுவே ஏதோ ஒரு புள்ளி வரிசைக்குச் சேராமல் விலகி நின்றது. அச்சடித்தவன் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். வரிசை அன்னத்தில் ஒன்றுக்கு மூக்கு கோணினால் நாம் விடுவோமா? முந்தின வரிசையைப் பார்த்து நேராக்கினேன். அம்மாளுக்கு உபகாரம் செய்வதாகவே நினைப்பு.

எழுதி முடித்ததும் புத்தகம் பாதிரியாரோடு கப்பலேறிவிட்டது. தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாள் அவற்றைப் பள்ளிக்கூடத்துக் கால் ஆர்மோனியத்தின் மேல் சாய்த்து வைத்து, முகத்தை ஒட்டக் குனிந்து வாசித்தார். ஓரிடத்தில் நின்றார். மறுபடி வாசித்தார். விரல் பக்கத்துக் கட்டைக்குப் போய், தொடாமலே திரும்பியது.

"இங்கே ஒரு சுரம் விலகிப் போகும். என் தகப்பனார் வாசிக்கையில் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இதைச் செய்தவர் தம் விதியைத் தாமே மீறினார் என்று என் புத்தகத்தில் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறேன். இங்கே அது இல்லையே! கண்ணைப் போல என் ஞாபகமும் கெட்டுவிட்டது. அந்த அதிகாரத்தை நீக்கிவிட வேண்டியதுதான்."



"இருந்துச்சும்மா. நான்தான் நேராக்கிட்டேன்."

"நீரா? ஏன்?"

"கோணலா இருக்குதேன்னு…"

முதலில் வாய்விட்டுச் சிரித்தார். "இத்தனை காலம் கழித்து அவருக்கும் ஒரு திருத்தக்காரர் கிடைத்தாரே!" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "இந்த ஓரிடந்தானா?"

"இல்லம்மா. அங்கங்க."

"எங்கெங்கே?"

எனக்குத் தெரியவில்லை. நெய்யும்போது சரிசெய்த இழையை யார் நினைவில் வைக்கிறார்கள்? தாள் முழுக்க ஒழுங்காக இருந்தது. எது அந்தச் சங்கீதக்காரர் எழுதியது, எது நான் எழுதியது என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

அம்மாள் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, நூலால் கட்டினார். "இதை நம்பி இனி ஒன்றும் எழுதலாகாது, ஐயா" என்றார். வேறு புத்தகம் வரவழைத்துப் படிக்கும் வரை அந்தக் கண் தாங்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். திட்டியிருந்தால் தேவலை.

மணி அடித்தது. அம்மாள் சுவரைத் தொட்டுக்கொண்டே வகுப்புக்குப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். பிறகு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, காலால் மிதித்து, அவர் விரல் தொடாமல் திரும்பிய அந்தக் கட்டையை அழுத்தினேன். சத்தம் வந்தது. காற்று தீரும் வரை விரலை எடுக்கவில்லை.