ஆறு படங்கள்

1. சிறுநீர் போகும் வழியைப் படத்தில் காட்டும் மருந்தை ஏற்றுவதற்கு முன்: எலும்புகள் மட்டும்.
2. மருந்து ஏற்றி ஐந்து நிமிடம்: வலது சிறுநீரகம் வெள்ளையாகத் தெரிந்தது. இடது இல்லை.
3. பதினைந்து நிமிடம்: வலப்பக்கக் குழாய் சிறுநீர்ப்பை வரை மெல்லிய கோடாக இறங்கியிருந்தது. இடது இல்லை.
4. அரை மணி: இடது இல்லை.
5. ஒரு மணி: இடப்பக்கம் மங்கலாக ஒரு கறை.
6. மூன்று மணி நேரம்: இந்தப் படத்தை டாக்டர் கேட்கவில்லை. நான்தான் அனுமதி வாங்கி எடுத்தேன்.

மேசையில் படுத்திருந்தது என் சித்தி, அம்மாவின் தங்கை. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் திருவள்ளூரில் ஒரு டாக்டரின் எக்ஸ்ரே அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். செவ்வாப்பேட்டையிலிருந்து சித்தி காலை ரயிலில் வந்திருந்தாள்.

கருப்பை வாயில் புற்று என்று சென்னையில் சதை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த பெரிய டாக்டருக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. சிறுநீர் இறங்கும் இரண்டு குழாய்களும் திறந்திருக்கின்றனவா? திறந்திருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். ஒன்றைப் புற்று அடைத்திருந்தாலும் அது இடுப்பெலும்புப் பக்கம் பரவிவிட்டது என்று பொருள். அதன் பிறகு கத்தி வைப்பதில்லை. உள்ளே வைக்கும் ரேடியமும், ஊரில் ‘கரண்டு’ என்று சொல்லும் கதிர் வைத்தியமும்தான். சித்திக்கும் இதைச் சொல்லியிருந்தார்கள்.

“இன்னாடி, இத்தினி போட்டோ? என் கல்யாணத்துக்கே ஒன்னுதான் புடிச்சாங்க.”

“அசையாம படு சித்தி.”

“ராத்திரிலேர்ந்து ஒரு வாய் தண்ணி இல்ல. உங்க டாக்டரு மட்டும் நாஷ்டா துன்னுட்டுதான வந்தாரு?”

“சித்தி, அவரு பக்கத்து ரூம்லதான் இருக்காரு.”

“இருக்கட்டும். காதுல உழட்டும்.”

இருட்டறையில் ஒவ்வொரு படத்தையும் கழுவி, நீர் சொட்டச் சொட்ட விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஐந்தாவதில் அந்தக் கறையைப் பார்த்தபோது, குழாய் அடைக்கவில்லை, மெதுவாகத்தான் வேலை செய்கிறது என்று நம்ப ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் ஆறாவது படம்.

இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சித்தி பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். எனக்கு முந்தைய பொங்கல் நினைவுக்கு வந்தது. அப்போது சித்திக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம். சமையலறையில் காய் நறுக்கியபடியே எங்கள் எல்லோரிடமும் சொன்னாள்: “நின்னு போனது திரும்பி வந்துட்ச்சி. உங்க சித்தப்பாவுக்குப் புதுப் பொண்டாட்டி கெட்ச்சிட்டா!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நின்ற பிறகு ரத்தம் வந்தால் உடனே பரிசோதனை என்று படிப்பின்போது நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். அந்தச் சமையலறையில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். அதிலிருந்து எட்டு மாதம் கழித்துத்தான் சித்தியை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள்.

ஆறாவது படத்தில் இடது சிறுநீரகம் நன்றாகவே தெரிந்தது. வீங்கியிருந்தது. குழாய் தடித்து இறங்கி, இடுப்புக்குள் ஓரிடத்தில் சட்டென்று நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள்.

“கத்தியா, கரண்டா?”

“டாக்டரு சொல்வாரு சித்தி. நான் சொல்லக் கூடாது.”

“டம்ளர பாத்துக்கினு பேசற. கரண்டுதான்.” புடவையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். “சரி, ஸ்டேஷன் வரைக்கும் வா. கால் ஒரு மாதிரியா கீது.”

ஐந்து வாரம் கரண்டு வைத்தார்கள். இரண்டு முறை ரேடியம் வைத்தார்கள். அதன் பிறகு ஒரு வருடமும் சில மாதங்களும் இருந்தாள்.

சித்தி போய் நான்கு வருடம் ஆகிறது. ஆறு படங்களும் பழுப்பு உறையில் என் அலமாரியில் இருக்கின்றன. பொங்கலன்று நான் சிரித்ததைச் சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.